வீட்டுப் பக்கத்தில் எண்ணெய்க் கிணறு வருகிறதா? அமெரிக்காவில் வீடு வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகள்

கொலராடோவில் டென்வருக்கு வடக்கேயும், டெக்ஸஸில் டாலஸ், ஃபோர்ட் வொர்த் சுற்றுவட்டாரத்திலும் புதுக் குடியிருப்புகளில் நம்மவர்கள் நிறையப் பேர் வீடு வாங்கியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் எப்படி, ஆபீஸ் எவ்வளவு தூரம், மாதத் தவணை எவ்வளவு என்று துருவித் துருவி விசாரித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறோம். நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பிறகு ஒருநாள் தபாலில் கடிதம் வருகிறது: உங்கள் வீட்டுக்கு இத்தனை அடி தூரத்தில் இத்தனை கிணறுகள் தோண்ட விண்ணப்பித்திருக்கிறோம் என்று. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்விகள் இவை. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும் என்பதால், எந்த மாநிலத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

வீடும் நிலமும் என் பெயரில். எனக்குத் தெரியாமல் அடியில் எப்படித் தோண்டுவார்கள்?

நீங்கள் வாங்கியது பெரும்பாலும் மேல்மண்ணை மட்டும்தான். அமெரிக்காவில் நிலத்தின் மேற்பரப்பு உரிமையையும் அடியிலுள்ள கனிம உரிமையையும் தனித்தனியாக விற்கலாம். இப்போது மனைகளாகிவிட்ட பழைய பண்ணைகள் பலவற்றில், கனிம உரிமை எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்து வேறு கைக்குப் போய்விட்டது. பத்திரத்தில் அதற்கென்று ஒரு வரி இருக்கும். வீடு வாங்கும் அவசரத்தில் அதை யார் படிக்கிறார்கள்?

அதோடு, இப்போதெல்லாம் கிணறு நேராகக் கீழே மட்டும் போவதில்லை. ஒரு மைல் ஆழம் இறங்கி, அங்கிருந்து பக்கவாட்டில் இரண்டு மைல், சில சமயம் அதற்கு மேலும் போகிறது. கிணற்று மேடை அடுத்த தெருவில் இருக்கலாம், குழாய் உங்கள் சமையலறைக்கு நேர் கீழே போகலாம். கனிம உரிமை உங்களிடமே இருந்து, நீங்கள் குத்தகைக்குக் கொடுக்க மறுத்தாலும், பல மாநிலங்களில் உங்கள் பங்கையும் அந்தக் கிணற்றோடு கட்டாயமாகச் சேர்த்துக்கொள்ளும் விதி உண்டு. சட்டப்படியான பங்குத்தொகை உங்களுக்கு வரும், ஆனால் தடுக்கும் அதிகாரம் வராது.

சிட்டி கவுன்சில் நினைத்தால் மொத்தமாகத் தடை போட முடியாதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பதில் நீங்கள் இருக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. முயன்று பார்த்த ஊர்களின் கதையைச் சொன்னால் விளங்கும்.

டெக்ஸஸில் டென்டன் என்றொரு பல்கலைக்கழக ஊர். 2014 நவம்பரில் அந்த ஊர் மக்கள் வாக்களித்து ஃபிராக்கிங்குக்கு, அதாவது நீரையும் மணலையும் அழுத்தத்தில் செலுத்தி அடிப்பாறையைப் பிளந்து எண்ணெய், எரிவாயு எடுக்கும் முறைக்கு, தடை விதித்தார்கள். கிட்டத்தட்ட 59 சதவீதம் ஆதரவு. ஆறு மாதம் ஓடியிருக்கும், 2015 மே மாதம் மாநிலச் சட்டமன்றம் 40ஆம் எண் மசோதாவை நிறைவேற்றி, ஆளுநர் கையெழுத்தும் போட்டுவிட்டார். நிலத்துக்கு அடியில் நடப்பது முழுக்க மாநிலத்தின் ஆளுகை. ஊருக்கு மிச்சம் விட்டது நிலத்துக்கு மேலே உள்ள சில விஷயங்கள்: போக்குவரத்து, சத்தம், விளக்கு வெளிச்சம், தீயணைப்பு, முன்னறிவிப்பு, ‘நியாயமான’ இடைவெளி. அதுவும் தொழிலை நடத்தவிடாமல் செய்யும் அளவுக்குக் கடுமையாக இருக்கக் கூடாது. டென்டன் ஜூன் மாதமே தன் தடையைத் தானே விலக்கிக்கொண்டது. ஓக்லஹோமாவும் அதே ஆண்டு அதே வழியில் போனது.

கொலராடோவில் லாங்மாண்ட் 2012இல் தடை போட்டது. ஃபோர்ட் காலின்ஸ் 2013இல் ஐந்தாண்டு நிறுத்திவைப்பு கொண்டுவந்தது. இரண்டும் மக்கள் வாக்களித்து வந்தவை. 2016 மே மாதம் கொலராடோ உச்ச நீதிமன்றம் இரண்டையும் மாநிலச் சட்டத்தோடு முரண்படுகின்றன என்று சொல்லி ரத்து செய்தது.

நியூயார்க்கில் நேர்மாறு. டிரைடன் என்ற சிறிய ஊர் ‘ஃபிராக்கிங்கைத் தடை செய்கிறோம்’ என்று எழுதாமல், நிலப் பயன்பாட்டுச் சட்டத்தில் ‘இந்த ஊர் எல்லைக்குள் எண்ணெய், எரிவாயுத் தொழில் அனுமதிக்கப்பட்ட பயன்பாடு அல்ல’ என்று எழுதியது. 2014 ஜூனில் மாநிலத்தின் உச்ச அமர்வு 5க்கு 2 என்ற கணக்கில் ஊர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எப்படித் தோண்டுவது என்பதை மாநிலம் சொல்லட்டும், எங்கே எந்தத் தொழில் நடக்கலாம் என்பது ஊரின் வேலை என்பது அதன் சாரம். பென்சில்வேனியாவில் 2012ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குடியிருப்புப் பகுதி உட்பட எல்லா மண்டலங்களிலும் கிணறுகளை அனுமதித்தே ஆக வேண்டும் என்று ஊர்களைக் கட்டாயப்படுத்தியது. அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் அந்தப் பகுதியைச் செல்லாது என்றது. பென்சில்வேனியா அரசமைப்பில் சுத்தமான காற்றுக்கும் தூய நீருக்கும் மக்களுக்கு உரிமை உண்டு என்று 1971இல் சேர்த்த ஒரு பிரிவு இருக்கிறது. நாற்பது ஆண்டுகளாகக் காகிதத்தில் தூங்கிக்கொண்டிருந்த பிரிவு அன்றைக்குத்தான் எழுந்து நின்றது.

கலிஃபோர்னியா இன்னும் ஊசலாட்டம்தான். மான்டரே கவுன்டி மக்கள் 2016இல் புதுக் கிணறுகளுக்குத் தடை போட்டார்கள், 2023இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2022 டிசம்பரில் புதுக் கிணறுகளைத் தடை செய்து, இருப்பவற்றை 20 ஆண்டுகளில் மூடிவிட முடிவெடுத்தது. அதுவும் 2024 செப்டம்பரில் நீதிமன்றத்தில் தோற்றது. அதே மாதம் மாநிலச் சட்டமன்றத்தின் புதுச் சட்டம் ஒன்று ஆளுநரின் கையெழுத்தைப் பெற்று, தடை போடும் அதிகாரம் ஊர்களுக்கு உண்டு என்றது.

ஆக, ‘தடை’ என்ற சொல்லை எழுதிய ஊர்கள் பெரும்பாலும் வழக்கில் மாட்டின. ‘எந்த இடத்தில்’ என்று எழுதிய ஊர்கள் அதிக காலம் தாக்குப்பிடித்தன. உங்கள் ஊரில் யாராவது தடைக்குக் கையெழுத்து வாங்க வந்தால் போடுங்கள், தவறில்லை. ஆனால் இடம் பற்றிய விதிகளுக்கும் அதே அளவு பாடுபடச் சொல்லுங்கள்.

கொலராடோவில் 2019இல் எல்லாம் மாறிவிட்டதாமே?

நிறையவே மாறியது. முந்தைய ஆண்டு, அதாவது 2018 நவம்பரில், புதுக் கிணறுகளுக்கு 2,500 அடி இடைவெளி வேண்டும் என்ற முன்மொழிவு வாக்கெடுப்பில் தோற்றிருந்தது. 2019 ஏப்ரலில் மேலவையின் 181ஆம் எண் மசோதா சட்டமானது. அதுவரை எண்ணெய், எரிவாயு உற்பத்தியை ‘வளர்ப்பது’ மாநில ஆணையத்தின் வேலைகளில் ஒன்று. இந்தச் சட்டம் அதை ‘ஒழுங்குபடுத்துவது’ என்று திருத்தியது. ஒரு சொல்தான், ஆனால் விசாரணையில் கமிஷனர்கள் எந்தக் கண்ணாடி போட்டுக்கொண்டு விண்ணப்பத்தைப் படிக்க வேண்டும் என்பதை அந்தச் சொல் மாற்றியது. 2023இல் ஆணையத்தின் பெயரே ஆற்றல் மற்றும் கார்பன் மேலாண்மை ஆணையம் என்று மாறிவிட்டது.

உள்ளாட்சிக்குக் கிடைத்தது என்ன? கிணற்று இடத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம், மாநில விதியைவிடக் கடுமையான விதி எழுதும் அதிகாரம், ஆய்வு செய்யவும் கட்டணம், அபராதம் விதிக்கவும் அதிகாரம். தூசி, நாற்றம், சத்தம் ஆகியவற்றோடு காற்று மாசும் ஊர் கவனிக்க வேண்டியவற்றின் பட்டியலில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. மாநில அனுமதி கேட்கும் நிறுவனம், ஊரிடமும் விண்ணப்பித்துவிட்டேன் அல்லது இந்த ஊர் இடம் பற்றி விதி எதுவும் வைக்கவில்லை என்று காட்ட வேண்டும்.

அந்தக் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். உங்கள் ஊர் விதியே எழுதாமல் சும்மா இருந்தால், சட்டம் கொடுத்த அதிகாரம் அலமாரியில்தான் இருக்கும். அதிகாரம் எந்தப் பக்கமும் சாயும் என்பதையும் சொல்ல வேண்டும். கொலராடோ எண்ணெயில் பெரும்பகுதியைத் தரும் வெல்ட் கவுன்டி, அதே 2019இல் இந்தத் தொழிலுக்கென்றே தனித் துறை தொடங்கித் தன் வழியில் அனுமதி கொடுக்கிறது.

காற்றைக் கண்காணிப்பது யார் வேலை?

மூன்று அடுக்கு. கூட்டரசின் தூய காற்றுச் சட்டம் 1970இல் இன்றைய வடிவத்துக்கு வந்தது. அதன்படி வாஷிங்டன் அளவுகோலை வைக்கும். ஓசோனுக்கு 2015இல் வைத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியில் நூறு கோடிக்கு 70 பங்கு. அந்த வரம்புக்குள் வருவதற்கான திட்டத்தை மாநிலம் போட்டு நடத்தும். கிணற்றுக் கருவிகளுக்கான காற்று அனுமதியும் பெரும்பாலும் மாநிலத்தின் கையில்.

டெக்ஸஸில் இன்னொரு குழப்பம் உண்டு. கிணறு தோண்ட அனுமதி கொடுப்பது ரயில்ரோடு கமிஷன். 1891இல் ரயில்வேயைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது, 2005இல் ரயில் தொடர்பான கடைசி அதிகாரமும் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காற்றைப் பார்ப்பது வேறொரு மாநில ஆணையம். புகாரை மாற்றிக் கொடுத்தால் அது அங்கும் இங்கும் சுற்றிக்கொண்டிருக்கும்.

கூட்டரசுச் சட்டத்தில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. ஒரு தொழிற்சாலையின் நச்சுக் காற்றைக் கணக்கிடும்போது வளாகத்தில் உள்ள எல்லாப் புகைபோக்கிகளையும் கூட்டுவார்கள். எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை மட்டும் அப்படிக் கூட்டக் கூடாது என்று 1990ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கிணறும் சின்னது. சின்னதுகள் நூறு பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ‘பெரிய மூலம்’ என்ற பட்டியலில் வராது.

அப்படியானால் காற்று விஷயத்தில் ஊரால் எதுவும் செய்ய முடியாதா?

முடியும். பலரும் தவறவிடுவது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ‘பென்சீன் இவ்வளவுக்கு மேல் வரக் கூடாது’ என்று உத்தரவு போடும் வசதி பல ஊர்களுக்கு இல்லை. அளக்க ஆள் இல்லை, கருவி இல்லை, சில மாநிலங்களில் சட்டமும் இடம் தராது. ஆனால் காற்றில் என்ன கலக்கிறது என்பது, எந்த இடத்தில் எந்த இயந்திரம் எந்த நேரத்தில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. அதில் ஊருக்குப் பேச வாய்ப்பு இருக்கிறது.

முதலில் இடம். காற்று வழக்கமாக எந்தத் திசையில் வீசுகிறது, பள்ளிக்கூடம் அந்தத் திசையில் இருக்கிறதா, குளிர்கால இரவில் புகை தேங்கும் பள்ளமா என்று பார்த்து மேடையை அரை மைல் நகர்த்தச் சொல்வது, பின்னால் போடும் பத்து வடிகட்டிகளுக்குச் சமம். கொலராடோவில், வீடுகளுக்கு அருகே வரும் விண்ணப்பத்தோடு மாற்று இடங்களை ஆராய்ந்த அறிக்கையும் கேட்கப்படுகிறது. அந்த அறிக்கையைப் படிக்க மெனக்கெடுங்கள். ‘வேறு இடம் சாத்தியமில்லை’ என்ற வரிக்குக் காரணம் பணமா, பூகோளமா என்பது அதில்தான் தெரியும்.

அடுத்தது இயந்திரம். துளையிடும் ரிக்கை டீசலில் ஓட்டலாம், மின்கம்பியிலிருந்தும் ஓட்டலாம். மின்சாரமானால் புகையும் குறையும், சத்தமும் குறையும். எண்ணெயைத் தளத்திலேயே தொட்டிகளில் தேக்கி லாரியில் ஏற்றலாம், குழாய் வழியாக நேரே அனுப்பவும் செய்யலாம். குழாய் வந்துவிட்டால் தொட்டி மூடியிலிருந்து கசியும் ஆவியும் இல்லை, தெருவில் லாரி வரிசையும் இல்லை. வால்வுகளைத் திறந்து மூடும் பழைய கருவிகள் எரிவாயுவின் அழுத்தத்தில் இயங்கி, ஒவ்வொரு அசைவிலும் கொஞ்சம் வாயுவை வெளியே துப்பும். அழுத்தக் காற்றில் இயங்கும் கருவியைக் கேட்கலாம்.

இவையெல்லாம் பெரும்பாலும் ஊரும் நிறுவனமும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் வருகின்றன. அனுமதி சீக்கிரம் வேண்டும் என்பது நிறுவனத்தின் அவசரம், நல்ல கருவி வேண்டும் என்பது ஊரின் தேவை. பேரம் பேசத் தெரிந்த கவுன்சில், சட்டப் புத்தகத்தில் இல்லாததையும் வாங்கிவிடும். டென்வருக்கு வடக்கே புரூம்ஃபீல்ட், லாங்மாண்ட் போன்ற ஊர்கள் காற்றை அளக்கும் ஏற்பாட்டையே தாங்களாக முன்வந்து செய்தன.

கிணற்றிலிருந்து காற்றில் என்னதான் கலக்கிறது?

பெரும்பகுதி மீத்தேன். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. வீட்டுக்கு வரும் எரிவாயுவின் அந்த அழுகல் வாடை, கசிவு தெரிய வேண்டும் என்று பின்னால் கலப்பது. எனவே கிணற்றடியில் வாடை இல்லை என்பதால் கசிவு இல்லை என்று நினைக்கக் கூடாது. 2015 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே அலிசோ கேன்யனில் ஒரு சேமிப்புக் கிணறு உடைந்து, நான்கு மாதத்தில் சுமார் 1 லட்சம் டன் மீத்தேன் வெளியேறியது. அங்கே மக்களுக்கு உடனே தெரிந்ததற்குக் காரணம், சேமித்திருந்த வாயுவில் வாடை கலந்திருந்ததுதான். மீத்தேன் பூமியைச் சூடாக்குவதில் 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 80 மடங்குக்கு மேல் வேலை செய்யும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் நுரையீரலுக்கு நேரடிக் கெடுதல் அதனால் அதிகம் இல்லை.

அவருக்குக் கெடுதல், அதோடு சேர்ந்து வருபவை. பென்சீன், டொலுவீன், சைலீன் எல்லாம் எண்ணெயிலிருந்து எளிதில் ஆவியாகிப் போகின்றன. இவற்றில் பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியாக நிறுவப்பட்ட விஷயம். டீசல் எஞ்சின்களிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடும் நுண்துகளும் வரும். சில எண்ணெய் வயல்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். அழுகிய முட்டை வாடை. அளவு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. அதனால் ‘நாற்றம் நின்றுவிட்டது, சரி’ என்று அங்கேயே நிற்கக் கூடாது.

எல்லா நாளும் ஒன்றுபோல் இருக்காது. துளையிடுதல் சில வாரம், ஃபிராக்கிங் சில வாரம். அதன் பிறகு, உள்ளே செலுத்திய நீரும் மணலும் எண்ணெயோடு கலந்து திரும்பி மேலே வரும் கட்டம் ஒன்று உண்டு. மோசமான நாட்கள் பெரும்பாலும் அப்போதுதான். முன்பு அந்தச் சமயத்தில் வரும் வாயுவை அப்படியே திறந்துவிடுவார்கள் அல்லது கொளுத்துவார்கள். 2012ஆம் ஆண்டுக் கூட்டரசு விதி, ஃபிராக்கிங் செய்த எரிவாயுக் கிணறுகளில் அதைப் பிடித்துச் சேகரிக்கச் சொன்னது. 2015 ஜனவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. உற்பத்தி தொடங்கிய பின் ரிக் போய்விடும், சத்தம் அடங்கிவிடும், வேலிக்குள் நாலு தொட்டியும் ஒரு கம்ப்ரசரும்தான் தெரியும். மக்கள் மறந்துவிடுவார்கள். தொட்டி மூடி சரியாகப் பொருந்தாமல் கசிவது அதற்குப் பிறகுதான், வருடக்கணக்கில்.

எத்தனை அடி தூரம் இருந்தால் கவலை இல்லை?

இதற்கு மேல் பாதுகாப்பு, இதற்குள் ஆபத்து என்று கோடு கிழிக்க முடியாது. ஒவ்வொரு மாநிலமும் கிழித்த கோடுகளைப் பார்த்தாலே தெரியும். பென்சில்வேனியாவில் கட்டடங்களிலிருந்து 500 அடி. ஃபோர்ட் வொர்த் 600 அடி. பக்கத்திலேயே டாலஸ் 2013இல் 1,500 அடி என்றது. கொலராடோவில் வீடுகளுக்கு 500 அடியாக இருந்தது, 2021 ஜனவரி முதல் 2,000 அடி. கலிஃபோர்னியாவின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் 3,200 அடி, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். ஒரே பென்சீன், ஒரே நுரையீரல், ஆறு மடங்கு வித்தியாசம். அறிவியல் பாதி, அரசியல் பாதி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கொலராடோ 2,000 அடிக்கு வந்ததற்குப் பின்னால், மாநிலச் சுகாதாரத் துறை 2019 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வுக்கு முக்கியப் பங்கு உண்டு. காற்று சாதகமாக இல்லாத மோசமான சூழலில், 300 முதல் 2,000 அடி வரை உள்ளவர்களுக்குத் தலைவலி, தலைசுற்றல், மூச்சு, கண் எரிச்சல் போன்ற குறுகிய காலப் பாதிப்புகள் வரலாம் என்று அது கணித்தது. அந்த 2,000 அடியும் இரும்புச் சுவர் அல்ல. உள்ளே இருக்கும் வீட்டுக்காரர்கள் சம்மதித்தாலோ, அதே அளவு பாதுகாப்பு தருவதாக நிறுவனம் ஆணையத்தை நம்பவைத்தாலோ நெருங்கி வரலாம். வீட்டு வாசலில் சம்மதக் கடிதத்தோடு ஆள் வந்து நிற்பது இதனால்தான். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம்.

கிணறுகள் பக்கத்து கவுன்டியில். எங்கள் ஊரில் ஏன் ஓசோன் எச்சரிக்கை வருகிறது?

ஓசோன் எந்தக் குழாயிலிருந்தும் வருவதில்லை. கிணறுகளிலிருந்து வரும் ஆவியும் எஞ்சின்களின் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து சமைவது அது. காலையில் ஓரிடத்தில் கிளம்பியது, மதியம் காற்றோடு மலையடிவாரத்துக்குப் போய் ஓசோனாக நிற்கும். கார்களும் இதில் பெரிய பங்காளிகள்தான், பழியை முழுக்கக் கிணறுகள் மேல் போடக் கூடாது. இந்த விஷயத்தில் 2,000 அடி இடைவெளி உதவாது. மொத்த அளவைக் குறைத்தால்தான் உண்டு, அது மாநிலத்தின் வேலை.

டென்வர் வட்டாரத்தை 2022இல் கூட்டரசு ‘கடுமையான’ மீறல் வகைக்கு இறக்கியது. விளைவு பெட்ரோல் பங்க்கில் தெரிந்தது: 2024 கோடையிலிருந்து அங்கே தனிவகைப் பெட்ரோல் விற்க வேண்டும் என்றானது.

கோடையில்தான் ஓசோன் என்ற பாடத்துக்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. வயோமிங் மாநிலத்தில் பைன்டேல் என்ற சின்ன ஊர், சுற்றிலும் எரிவாயு வயல்கள். 2011 குளிர்காலத்தில் அங்கே ஓசோன் நூறு கோடிக்கு 120 பங்கைத் தாண்டியது. தரையில் பனி வெயிலைத் திருப்பி அடிக்கிறது, மேலே சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்கிறது, கீழே எல்லாம் வேகிறது. பெருநகரமே இல்லாத பள்ளத்தாக்கில் லாஸ் ஏஞ்சலஸ் காற்று.

நானே ஒரு சென்சார் வாங்கி மாட்டலாமா?

மாட்டலாம், ஆனால் அதனிடம் என்ன எதிர்பார்ப்பது என்று தெரிந்து மாட்டுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரணக் கருவிகள் நுண்துகளை ஓரளவு நன்றாகவே காட்டும். ‘மொத்த ஆவி’ என்று ஓர் எண்ணையும் காட்டும். அது பென்சீனா, வீட்டுக்குள் அடித்த பெயின்ட்டா, கை கழுவும் சானிட்டைசரா என்று அதற்குத் தெரியாது. பென்சீனைப் பிரித்துச் சொல்ல, காற்றைக் குடுவையில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கசிவைக் கண்ணால் பார்க்க அகச்சிவப்புக் கேமரா இருக்கிறது, விலை நம் சக்திக்கு மேல். அதைக் கொண்டுவரச் சொல்லி ஊரையோ மாநிலத்தையோ கேட்பதுதான் வழி. கொலராடோவில் 2020இல் வந்த விதிப்படி, தோண்டுவதற்கு முன்பே தொடங்கி, உற்பத்தி ஆரம்பித்து ஆறு மாதம் வரை நிறுவனமே காற்றை அளக்க வேண்டும். அந்த அறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள்.

ராத்திரியில் நாற்றம் அடிக்கிறது. யாரிடம் சொல்வது?

தலைசுற்றல், மூச்சுத் திணறல், சீறும் சத்தம் எதுவாவது இருந்தால் வீட்டை விட்டு வெளியேறி 911. மற்ற நாட்களில் மாநிலக் காற்றுத் துறையின் புகார் எண், அப்புறம் ஊரில் எண்ணெய், எரிவாயுவைக் கவனிக்கும் அதிகாரி இருந்தால் அவர். இரண்டு இடத்திலும் சொல்லுங்கள்.

‘அடிக்கடி நாறுகிறது’ என்ற புகார் எங்கும் நகராது. தேதி, மணி, எவ்வளவு நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து, என்ன மாதிரி வாடை, வீட்டில் யாருக்கு என்ன செய்தது. ஒரு நோட்டில் இதை எழுதி வாருங்கள். ஆய்வாளர் நிறுவனத்தின் பதிவேட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, அன்றைக்கு அந்த மணியில் தொட்டியைத் திறந்தார்களா என்பது தெரிந்துவிடும். தெருவில் நாலு வீடு தனித்தனியாக எழுதினால் இன்னும் நல்லது.

பொது விசாரணையில் மூன்று நிமிடம் தருகிறார்கள். என்ன பேசுவது?

மேடையில் உட்கார்ந்திருப்பவர்கள் கோபத்தை நிறையக் கேட்டுவிட்டார்கள். அவர்கள் தேடுவது தங்கள் தீர்மானத்தில் எழுதக்கூடிய ஒரு வரி. ‘இந்த நிபந்தனையைச் சேருங்கள்’ என்று முடியும் பேச்சு கோப்பில் நிற்கும். ரிக் மின்சாரத்தில் ஓட வேண்டும், ஓசோன் எச்சரிக்கை நாளில் தொட்டி சுத்தம் செய்வது போன்ற வேலைகளைத் தள்ளிவைக்க வேண்டும், லாரிகள் பள்ளி விடும் நேரத்தில் அந்தத் தெருவில் வரக் கூடாது, கசிவு ஆய்வு மாதத்துக்கு ஒருமுறை. ஒரே ஆள் எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம், பத்துப் பேர் பிரித்துக்கொள்ளுங்கள். நம்மவர்களில் பொறியாளர்களுக்குக் குறைவில்லை. விண்ணப்பத்தின் உமிழ்வுக் கணக்கை உட்கார்ந்து சரிபார்க்கும் ஒருவர், கூட்டத்தில் உரக்கப் பேசும் இருபது பேரைவிட அதிக வேலை செய்வார்.

எழுத்திலும் கொடுங்கள். வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் பார்ப்பது பதிவில் இருப்பதை மட்டும்தான்.

ஊருக்கு இதனால் வரி வருமானம் வருகிறதே?

வருகிறது, சில கவுன்டிகளில் பள்ளிகளும் சாலைகளும் பெருமளவு அதில்தான் ஓடுகின்றன. எண்ணெய் விலை விழுந்த ஆண்டு அந்த வருமானமும் விழும். எதிர்ப்பவர்கள் இதைப் பேச மறுப்பதும், ஆதரிப்பவர்கள் இதை மட்டுமே பேசுவதும் வழக்கம்.

கிணறு முதலில் வந்தது, வீடு பிறகு வந்தது என்றால் இந்த இடைவெளி விதி பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. மாநில விதி புதுக் கிணற்றுக்குத்தான். பழைய கிணற்றுக்கு எவ்வளவு பக்கத்தில் வீடு கட்டலாம் என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும், பல ஊர்களில் அந்த எண் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது.

2017 ஏப்ரல் 17, கொலராடோவின் ஃபயர்ஸ்டோன். ஒரு வீடு வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள். கிணறு 178 அடி தூரத்தில் இருந்தது. கைவிடப்பட்ட ஒரு பழைய குழாய் சரியாகத் துண்டிக்கப்படாமல், மண்ணுக்குள் வெட்டுப்பட்டுக் கிடந்தது. அதன் வழியே வாயு அடித்தளத்துக்குள் நிரம்பியிருக்கிறது. விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், குழாய்கள் எங்கே எந்த நிலையில் கிடக்கின்றன என்ற முழு ஆவணம் இல்லாமலே வீடு கட்ட உள்ளூர் நிர்வாகம் அனுமதித்ததையும் ஒரு காரணமாக எழுதியது. உள்ளாட்சியின் அதிகாரம் என்றால் கிணற்றுக்கு ‘வேண்டாம்’ சொல்வது என்றுதான் நினைக்கிறோம். வீடு கட்டுபவரிடம் ‘அங்கே வேண்டாம்’ என்று சொல்வதும் அதே அதிகாரம்தான்.

வீடு வாங்கப் போகிறவர்கள் மாநில ஆணையத்தின் இணைய வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். மூடிய கிணறுகளும் அதில் இருக்கும்.

வற்றிய பிறகு கிணறு என்ன ஆகும்?

சிமென்ட் ஊற்றி அடைத்து, மேலே குழாயை வெட்டி, மண் போட்டு மூட வேண்டும். செலவு நிறுவனத்துடையது, அதற்காகத்தான் முன்கூட்டியே பிணைத்தொகை வாங்குகிறார்கள். அந்தத் தொகை பல இடங்களில் நிஜச் செலவில் ஒரு பகுதிக்குக்கூட வராது. வற்றிக்கொண்டிருக்கும் கிணறுகளைப் பெரிய நிறுவனம் சின்ன நிறுவனத்துக்கு விற்கும், அது இன்னும் சின்னதுக்கு விற்கும், கடைசியில் வாங்கியது திவாலாகிவிடும். கிணறு அநாதை. அடைக்காத வரை மீத்தேன் கசிந்துகொண்டிருக்கும். இப்படிப்பட்ட அநாதைக் கிணறுகளை அடைக்க 2021ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டம் 470 கோடி டாலர் ஒதுக்கியது. உங்கள் ஊர் ஒப்பந்தம் பேசும் மேசையில் இருக்கிறது என்றால், பிணைத்தொகை எவ்வளவு, கிணறு கை மாறினால் அது யார் பெயரில் இருக்கும் என்ற இரண்டு கேள்விகளையும் இப்போதே கேட்டுவிடுங்கள். கையெழுத்தான பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.